ட்ரவுட் ஆத்துல தூண்டிலும் கயாக்கும்: புதுசா இறங்குறவங்களுக்கு

தூண்டில் போடுறவனும் கயாக் (ஒரு ஆள் உள்ள குந்தி துடுப்பு போடுற ஒடுக்கமான சின்னப் படகு) ஓட்டுறவனும் ஒரே ஆத்துல முகத்துக்கு முகம் வந்தா என்ன நடக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா ஒரு நாள் கயாக்கப் பாத்து கல்லெடுத்து எறிஞ்சவனே நான்தான். நம்ம இலங்கை மலைநாட்டுல அக்கரப்பத்தனைப் பக்கம், விடிய அஞ்சு மணிக்கே எழும்பி, ஒரு பிளேன்டீயோட பனிக்குள்ள நடந்து போயி, தொடை மட்டம் தண்ணியில ஒரு மணித்தியாலமா நின்னு, ஒரு பாறை ஓரமா மேல வந்து வந்து பூச்சி தின்னுட்டு இருந்த ஒரே ஒரு மீனுக்காக நூலை நீட்டி நீட்டிப் போட்டுக்கிட்டு இருந்தேன். அப்ப வளைவைத் தாண்டி மூணு கயாக், செவப்பு, மஞ்ச, பச்சைனு கலர் கலரா, நேரா என் நூலு மேலயே வந்து போச்சு. மீன் போச்சு, நூல் போச்சு, எனக்கு மண்டையும் போச்சு. கல்லு யார் மேலயும் படல, நல்ல வேளை.

அதுல ஒரு பொடியன் கீழ போயி கரையேறி, ஈர உடுப்போட திரும்பி நடந்து வந்து, "அண்ணே, உங்களப் பாத்தப்ப எங்களுக்கு நிக்கிறதுக்கு இடமே இருக்கல, மன்னிச்சிருங்க"னு சொன்னான். நான் நம்பல. படகுல நிக்க முடியாதா, என்ன கதை விடுறான்னு நெனச்சேன். ஆனா அந்த வருசமே அவன் என்னைய ஆத்துப் படகு ஓட்டத்துக்குப் பேர்போன கித்துல்கலைக்குக் கூட்டிட்டுப் போயி கயாக்ல ஏத்திவிட்டான், பத்து நிமிசத்துல தலைகீழா கவுந்து மூக்கு வாயெல்லாம் தண்ணி ஏறினப்பதான் விளங்குச்சு, கயாக்குக்கு பிரேக்கே கிடையாது. அன்னையில இருந்து ரெண்டும் செய்றேன். அதனால ரெண்டு பக்கத்து ஆளுங்களும் என்கிட்ட வந்து புதுசா இறங்குறதுக்கு என்னென்ன செய்யணும்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஃபோன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதுக்குத்தான் இது.

முதல்ல அந்த மீனைப் பத்தி கொஞ்சம்

ட்ரவுட் நம்ம ஊர் மீனே இல்ல. 1880களில வெள்ளைக்காரத் தொரைமாரு நுவரெலியாப் பக்கம் தங்களோட பொழுதுபோக்குக்காக முட்டையா கப்பல்ல கொண்டாந்து விட்டது. முதல்ல கொண்டாந்தது பிரவுன் ட்ரவுட், பிறகு வந்தது ரெயின்போ ட்ரவுட், கடைசியா இந்த மண்ணுல நெலைச்சு நின்னது ரெயின்போதான். ஹோர்ட்டன் சமவெளியில இருந்து இறங்குற ஆக்ரா ஓயா, பெலிஹுல் ஓயா மாதிரி உசரத்து ஓடைகள்லதான் இதுக்கு வாழ்க்கை, ஏன்னா தண்ணி 20 பாகை செல்சியஸுக்கு மேல போனாலே இதுக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சிரும். ஆக்ரா ஓயா கீழ போயி கொத்மலை ஓயாவாகி மகாவலியில சேருது, பெலிஹுல் ஓயா வளவை கங்கைக்குப் போவுது, ஆனா ட்ரவுட் அவ்வளவு தூரம் கீழ போகாது, சூடு தாங்காது.

இதை ஏன் சொல்றேன்னா, தூண்டில் காரங்கள்ல சில பேரு ஆறே தங்களோட பாட்டன் சொத்து மாதிரி பேசுவாங்க. மீனும் வந்தேறி, கயாக்கும் வந்தேறி, தேயிலையும் வந்தேறி, அதைப் பறிக்கக் கூட்டிட்டு வந்த நம்ம பாட்டன்மாரும் அப்படி வந்தவங்கதான். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகள்ல இருக்குற ஒரு வகைச் சின்ன இறாலு உலகத்துல வேற எங்கயும் கிடையாது, உரிமைனு கதைக்கணும்னா அதுதான் கதைக்கணும்.

எங்க இறங்கலாம், யார்கிட்ட கேக்கணும்

ஹோர்ட்டன் சமவெளி 1988ல தேசியப் பூங்கா ஆயிருச்சு, 2010ல மத்திய மலைநாட்டோட சேத்து உலக மரபுரிமைனும் அறிவிச்சுட்டாங்க. நடைபாதையை விட்டு இறங்கவே விடமாட்டாங்க, அதனால பூங்காவுக்குள்ள தூண்டில், கயாக் ரெண்டையும் மறந்துருங்க. ஆசையா இருந்தா பாலத்துல நின்னு மீனைப் பாக்கலாம், அதுக்குத் தடையில்ல.

பூங்காவுக்கு வெளிய ஆறு ஓடுறது முக்காவாசி தேயிலைத் தோட்டத்துக் காணி வழியாத்தான், மிச்சம் மரக்கறித் தோட்டங்களும் காடும். தோட்டம்னா ஆபீஸ்ல போயி தொரைகிட்ட (தோட்ட மேனேஜர்) இல்லாட்டி கிளாக்கர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குங்க. "ஆத்துக்குப் போக யார்கிட்ட கேக்கணும், ஆறு எல்லாருக்கும் பொது"னு சட்டம் பேசாதீங்க, ஆறு பொதுவா இருக்கலாம், ஆனா ஆத்துக்குப் போற ரோட்டுக்கு கேட் இருக்கு, அந்த கேட்டுல வாச்சர் இருக்காரு. வாச்சர்கிட்ட கேட்டா இன்னொரு நன்மை, நேத்து யார் இறங்கினது, எங்க மரம் விழுந்து கிடக்கு, மேல எங்க மண்ணு சரிஞ்சிருக்குனு எல்லாம் அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கும். எந்த ஆப்பும் அவ்வளவு சொல்லாது. காட்டு எல்லைனா வன இலாகா, வனசீவராசிகள் திணைக்களம் ரெண்டுல எது பொறுப்புனு கேட்டுட்டுப் போங்க.

டைனமைட், நஞ்சு போட்டு மீன் பிடிக்கிறது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டப்படி குற்றம். அப்படி யாராவது செய்றதப் பாத்தா நீங்களே சண்டைக்குப் போகாதீங்க, பொலிசுக்கு 119 எடுங்க.

தண்ணியப் பாக்கப் பழகுங்க

எனக்கு இதை விளங்கிக்க நாலு வருசம் ஆச்சு. ஆறு யாருக்குனு நம்ம அடிச்சிக்கத் தேவையே இல்ல, தண்ணி மட்டமே முக்காவாசிப் பிரச்சினையத் தீர்த்து வச்சிருது.

தண்ணி கொறஞ்சு, கண்ணாடி மாதிரி தெளிஞ்சு, கல்லெல்லாம் மேல தெரியுதுன்னா அது தூண்டில் நாள். கயாக் கொண்டு போனா அடி உரசி உரசி, நீங்க பாதி தூரம் இறங்கி இழுத்துட்டுத்தான் போகணும், பிளாஸ்டிக்கும் பாழ், மீன் முட்டை போட்ட சரளைக்கல்லும் பாழ். அந்த நாள்ல கயாக் காரங்க காசல்ரீ நீர்த்தேக்கம் மாதிரி தேங்கின தண்ணியில போயி துடுப்பு போட்டுப் பழகுங்க, புதுசா வந்தவங்களுக்கு அதுதான் சரியான இடமும் கூட. மாறா, தண்ணி ஏறி, பால் ஊத்தாத தேத்தண்ணி நிறத்துல ஓடுதுன்னா அது கயாக் நாள், ஆனா எவ்வளவு ஏறினாலும் நல்லதுனு நெனச்சிராதீங்க, அதைக் கீழ சொல்றேன். அந்தக் கலங்கல்ல மீனுக்கு உங்க பூச்சியே தெரியாது, தூண்டில் காரன் வீட்டுல இருந்து ஃப்ளை (கொக்கியில இறகும் நூலும் சுத்திச் செய்ற பொய்ப் பூச்சி) கட்டிக்கிட்டு இருக்கலாம்.

அப்ப சண்டை எப்ப வருது? மழை விட்டு ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு, தண்ணி இறங்கிக்கிட்டும் தெளிஞ்சுக்கிட்டும் இருக்குற அந்த நடுவாந்தர நாள்லதான். மீனும் பசியோட மேயும், கயாக்கும் உரசாம ஓடும், ரெண்டு கூட்டமும் ஒரே ஞாயித்துக்கிழமை வந்து நிக்கும். அந்த நாளுக்கு மட்டும் நேரம் பிரிச்சுக்குங்க. எங்க பக்கம் நாங்க பேசி வச்சிருக்கிறது இதுதான்: விடிஞ்சதுல இருந்து ஒம்பதரை வரைக்கும் தூண்டில், பத்துல இருந்து ரெண்டு மணி வரைக்கும் கயாக், மூணுக்குப் பிறகு திரும்பத் தூண்டில். யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட சட்டமில்ல, ஒரு தேத்தண்ணிக் கடையில பேசி முடிவெடுத்தது. மீனும் காலையிலயும் பொழுது சாயுறப்பவும்தான் நல்லா மேயும், கயாக் காரனுக்கோ நடுப்பகல் வெயில் ஏறினாத்தான் அந்தக் குளிர் தண்ணியில இறங்க மனசு வரும், அதனால யாருக்கும் பெரிய நட்டம் கிடையாது.

ரெண்டு மணினு ஏன் வச்சோம்னா, மார்ச், ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் ஆனா இடியோட மழை கொட்டும், இங்க பொறந்து வளந்தவங்களுக்கு இது தெரியும், கொழும்புல இருந்து வாறவங்களுக்குத் தெரியாது. மேயில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவம், அப்ப மேற்குச் சரிவுல ஆறு எப்பயும் நெறஞ்சுதான் இருக்கும். மூணு மணிக்குப் பிறகு வாற தூண்டில் காரங்களுக்கும் ஒரு வார்த்தை, உங்க கையில இருக்குற கார்பன் ரொட் (தூண்டில் கம்பு) மின்னலை வாங்குற கம்பி மாதிரி. முதல் இடி கேட்டதும் மடக்கி வச்சிட்டு வெளிய வாங்க, இன்னும் ஒரு தடவை போட்டுப் பாப்போம்னு நிக்காதீங்க.

எதிராளிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

புதுசா வாறவங்க பெரும்பாலும் தப்பு பண்றது இங்கதான்.

கயாக்ல இருக்குறவனோட கண்ணு தண்ணியில இருந்து ரெண்டு மூணு அடி உசரத்துலதான் இருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம், பாறைக்குப் பின்னால நிக்கிற ஆளை அவனால பாக்கவே முடியாது, அதுலயும் நம்ம தூண்டில் காரங்க மீனுக்குத் தெரியக் கூடாதுனு பச்சை, காக்கினு தேடித் தேடி உடுத்துட்டு நிப்போம். தண்ணி விழுந்து பாயுற இடத்துல அவன் நிறுத்த நெனச்சாலும் முடியாது. பெரிய கல்லுக்குப் பின்னால தண்ணி சுத்தி அமைதியா நிக்கிற இடம் இருக்கும், எடினு சொல்லுவாங்க, அதுக்குள்ள திருப்பினாத்தான் நிக்கலாம். அந்த எடி அடுத்தது எங்க இருக்கோ அதுவரைக்கும் ஆறுதான் ஓட்டுது, அவன் இல்ல. நூலும் அவனுக்குத் தெரியாது, முனையில இருக்குற அந்தத் துண்டு தலைமயிரை விட மெல்லிசு, கொக்கி வந்து கழுத்துல ஏறினாத்தான் தெரியும்.

தூண்டில் காரனோட பக்கம் வேற. ட்ரவுட் எப்பயும் நீரோட்டத்துக்கு எதிரா மூஞ்ச வச்சு நிக்கும், மேல இருந்து மிதந்து வாற பூச்சிக்காக. அதனால உலர்ந்த ஃப்ளை (தண்ணி மேல மிதக்குறது) போடுறவன் மீனுக்குப் பின்னால, கீழ இருந்து மேல பாத்து நடப்பான், அவனுக்கு நீங்க வாறது தெரியும். நனைஞ்ச ஃப்ளை (தண்ணிக்குள்ள தாழுறது) போடுறவன் கீழ பாத்து நூலை விடுவான், அவன் முதுகுதான் உங்களுக்குத் தெரியும், ஆத்துச் சத்தத்துல நீங்க பின்னால வாறது கேக்காது. ரெண்டு பேருக்குமே பொதுவான ஒண்ணு, வழுக்குக் கல்லு மேல தொடை மட்டத்துல நிக்கிறவன் சட்டுனு நகர முடியாது. "தள்ளுங்க தள்ளுங்க"னு கத்தினா அவன் தள்ள மாட்டான், விழுவான்.

தாண்டிப் போறது எப்படி

கயாக் காரங்களுக்கு முதல்ல. வளைவு தெரிஞ்சா, அதுக்கு முன்னால இருக்குற எடியில நின்னு, முன்னுக்குப் போற ஆள் எட்டிப் பாக்கணும். ஒரே கூட்டமா ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க, ஆளுக்கு ஆள் மூணு நாலு கயாக் நீளமாவது இடைவெளி விடுங்க, ஆனா நாப்பது நிமிசம் இழுத்துப் பரவியும் போகாதீங்க. தூண்டில் காரனுக்கு ஒரே தடவையா நாலு பேர் போறது பரவால்ல, பத்து பத்து நிமிசத்துக்கு ஒருத்தரா நாலு பேர் வாறதுதான் நரகம். ஆளைக் கண்டதும் விசில் ஒரு தடவை, நீளமா இல்ல, சின்னதா. ஒண்ணுன்னா "இங்க பாருங்க"னு அர்த்தம். மூணு தடவை ஊதுறது உயிராபத்துக்கு மட்டும், விளையாட்டுக்கு ஊதிப் பழகாதீங்க.

பிறகு கேளுங்க. ஆள் சிங்களமா தமிழானு தூரத்துல இருந்து தெரியாது, அதனால ரெண்டுலயும் கேட்டுப் பழகுங்க: "எந்தப் பக்கமாண்ணே?" இல்லாட்டி "மொன பெத்தெந்த யன்னே?" அவரு "வமட்ட"னா இடது, "தகுணட்ட"னா வலது, "டிக்கக் இன்ன"னா கொஞ்சம் பொறுங்க. இடதா வலதாங்கிறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அவரு மேல பாத்து நிப்பாரு, நீங்க கீழ பாத்து வருவீங்க, அவரோட இடது உங்களுக்கு வலது. அதனால வாயால சொல்றத விட கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்க, எந்தப் பக்கம் கை நீளுதோ அந்தப் பக்கம் போங்க.

அவரு பாக்கவே இல்லாட்டி, கத்தியும் கேக்காட்டி, அவரு நூல் விழுற பக்கத்துக்கு எதிர்ப் பக்கமா, முடிஞ்சா அவரோட முதுகுப் பக்கமா போங்க. அங்க தண்ணி போதாதுன்னா இறங்கி கரையோரமா தூக்கிட்டு நடங்க. ஆமா, தூக்கிட்டுத்தான். இருவது கிலோ கயாக்கத் தூக்குறதுக்கு ஒண்ணும் முதுகு ஒடிஞ்சிராது.

மடுவுக்குள்ள வந்ததும் துடுப்பை எடுத்து மடியில வச்சிட்டு ஓட்டத்தோட மிதந்து போங்க. நான் கரையில இருந்து நிறைய தடவை பாத்திருக்கேன், சத்தமில்லாம மிதந்து போன கயாக்குக்குப் பிறகு பத்துப் பதினஞ்சு நிமிசத்துல மீன் திரும்ப மேல வரும். அதே மடுவுல நின்னு கயாக்கச் சுத்தி, உருட்டி, துடுப்பால கல்லைத் தட்டி, செல்ஃபி எடுத்தா பொழுது சாயுற வரைக்கும் வராது. விளையாடணும்னா கீழ ரேபிட்ல (தண்ணி விழுந்து பாயுற இடம்) போயி விளையாடுங்க, அங்க எவனும் ஃப்ளை போட மாட்டான்.

இப்ப தூண்டில் காரங்க. விசில் கேட்டதும் நூலைச் சுத்தி எடுங்க, எடுக்க நேரமில்லாட்டி ரொட் முனையை தண்ணிக்குள்ள அழுத்துங்க, நூல் தாழ்ந்துரும், கயாக் மேலால போயிரும். சில பேரு ரொட்டைத் தூக்குவாங்க, அது நூலை சரியா ஆள் கழுத்து உசரத்துக்குக் கொண்டாந்து வைக்கும். ஆத்துக்குக் குறுக்கால நூலைக் கட்டிவிட்டுட்டு கரையில போயி குந்தியிருக்கிற பழக்கம் சில ஆளுங்ககிட்ட இருக்கு, அதை விட்டுருங்க, அதுல ஒரு பிள்ளையோட கழுத்து மாட்டினா பிறகு ஒங்களுக்குத் தூக்கமே வராது. கையை நீட்டி வழி காட்டுங்க, ஒரு தலையாட்டு போதும், சிரிக்கணும்னு கூட இல்ல. போனப் பிறகு உங்களுக்கு ஒரு நல்ல வேலை இருக்கு: உக்காந்து ஒரு ரொட்டியும் சம்பலும் தின்னுங்க. மீனுக்கும் உங்களுக்கும் ஒரே இடைவேளை.

கயாக் வரும்னு தெரிஞ்ச நாள்ல தொப்பி மட்டுமாவது ஒரு வெளிச்ச நிறத்துல போடுங்க. மீன் பாத்துரும்னு பயப்படுறவங்க இருக்காங்க, குனிஞ்சு நின்னா பாக்காது.

சாமான்

கயாக்குக்கு ஹெல்மட், லைஃப் ஜாக்கெட், விசில், எறியுற கயிறு, இதுல ஒண்ணு இல்லாட்டியும் இறங்க வேணாம். எங்க ஆறுகள் சின்னது, கல்லு நிறைய, தலை அடிபட்டாத்தான் சாவு. லைஃப் ஜாக்கெட் நுவரெலியா கிரகரி வாவியில போட் ஓட்ட குடுக்கிற மாதிரி தொளதொளனு இருந்தா வேலைக்காகாது, தோள்ல பிடிச்சுத் தூக்கினா காது வரைக்கும் ஏறக் கூடாது. குளிருக்கு ஒரு வெட்சூட் இல்லாட்டி ஆகக் குறைஞ்சது நூல் துணி இல்லாத உடுப்பு, ஏன்னா நுவரெலியா 1,868 மீற்றர் உசரம், ஜனவரி, பெப்ரவரியில புல்லு மேல உறைபனி கொட்டுற ஊரு, நனைஞ்ச பருத்திச் சட்டையோட அரை மணித்தியாலம் இருந்தா கை விரல் மடங்காது.

தூண்டிலுக்கு சின்ன ஃப்ளை ரொட் ஒண்ணு, முள்ளு (கொக்கி நுனியில பின்னுக்கு நீட்டிக்கிட்டு இருக்குறது) இல்லாத கொக்கி. முள்ளு இருந்தா குறட்டால நசுக்கிருங்க. மீனுக்கும் நல்லது, தவறி ஒரு மனுசன் மேல ஏறினாலும் இழுத்த உடனே வந்துரும். நெஞ்சு வரைக்கும் வாற வேடர் (தண்ணி புகாத காற்சட்டை) போடுறவங்க இடுப்புல பெல்ட் கட்டாம ஆத்துல கால் வைக்கவே கூடாது, விழுந்தா தண்ணி உள்ள ஏறி எழும்ப விடாது.

ஆத்துல நம்ம ரெண்டு பேர் மட்டும் இல்ல

இந்த ஆறு லயத்துச் சனங்களோட (தோட்டத்து வரிசை வீடுகள்ல இருக்குறவங்க) ஆறு. பீலியில தண்ணி வராத நாள்ல பொம்பளைங்க ஆத்துலதான் குளிப்பாங்க, துணி துவைப்பாங்க. வளைவு தாண்டி கேமரா ஹெல்மட்டோட நாலு ஆம்பளைங்க திடீர்னு வந்து எறங்கினா எப்படி இருக்கும்னு உங்க வீட்டுப் பொம்பளைங்களை வச்சு யோசிங்க. குளிக்கிற இடம் எங்கனு முன்னுக்கே வாச்சர்கிட்ட கேட்டு வச்சிருந்து, அங்க வாறப்ப கேமராவை நிப்பாட்டிட்டு, "அக்கா, வாறோம்"னு தூரத்துலயே குரல் குடுத்துட்டு, எதிர்க்கரையைப் பாத்துக்கிட்டுப் போயிருங்க. தூண்டில் காரங்களும் அங்க நின்னு போடாதீங்க, அறுந்த கொக்கி கல்லிடுக்குல கிடந்தா குளிக்கிற பிள்ளைங்களோட காலுலதான் ஏறும்.

மாரியம்மன் திருவிழா நாள்ல ஆத்தங்கரையிலதான் கரகம் பாலிப்பாங்க. தப்பு மேளச் சத்தம் கேட்டுச்சுன்னா அந்தப் பக்கம் இறங்கவே வேணாம், மேல ஏறிப் போயி சாமி கும்புட்டு, குடுக்கிற சாப்பாட்டைத் தின்னுட்டு வாங்க.

மரக்கறித் தோட்டக்காரங்க ஆத்துல இருந்து மோட்டர் போட்டு தண்ணி எடுப்பாங்க. பைப், அதைக் கட்டின கயிறு, சில இடத்துல முள்ளுக் கம்பி கூட குறுக்கால போகும், வருசத்துக்கு வருசம் இடம் மாறும். கயாக் காரங்க அதை வெட்டிட்டுப் போகாதீங்க, நான் கேள்விப்பட்ட பெரிய சண்டையெல்லாம் தூண்டில் காரனால வந்ததில்ல, அறுத்த பைப்பால வந்தது.

உயிர் போற விசயங்கள்

அடிவாரத்துல வெயில் அடிக்கும், மேல கொட்டிக்கிட்டு இருக்கும். நிக்கிற இடத்துல தண்ணி ஓரமா ஒரு குச்சியைக் குத்தி வைங்க, பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை பாருங்க. குச்சி தண்ணிக்குள்ள போயிருந்தாலோ, தெளிஞ்ச தண்ணியில திடீர்னு சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ, மண்ணு வாசம் அடிச்சாலோ, ஆத்துச் சத்தம் மாறினாலோ, வெளிய வாங்க. சாமானை எடுக்கத் திரும்பப் போகாதீங்க. ஓரமா ஏறுனா போதும்னு பாறை மேல நின்னுட்டு இருந்து அங்கயே மாட்டிக்கிட்ட ஆளுங்களைக் கயிறு போட்டு எடுத்திருக்கோம். அந்த மாதிரி நேரத்துல கயாக் காரனோட எறியுற கயிறுதான் தூண்டில் காரனுக்குச் சாமி.

சின்ன நீர்மின் நிலையங்களுக்கு ஆத்தை மறிச்சு குட்டை அணை கட்டியிருப்பாங்க. பாத்தா ரெண்டு மூணு அடிதான் இருக்கும், ஆனா அதுக்குக் கீழ தண்ணி சுருண்டு சுருண்டு திரும்ப அணைப் பக்கமே இழுக்கும், உள்ள விழுந்த ஆளை விடாது. கட்டாயம் கரையேறி நடந்து தாண்டுங்க. தலவாக்கலையில மேல் கொத்மலை அணை இருக்கு, 150 மெகாவாற் நிலையத்துக்குத் தண்ணி குடுக்கிறது, அது மாதிரி பெரிய அணைகளுக்குக் கீழ வான்கதவு திறந்தா ஆத்துத் தண்ணி நிமிசக் கணக்குல ஏறும். சைரன் கேட்டா யோசிக்காம வெளிய வாங்க. கித்துல்கலையிலயும் மேல மின்நிலையத்துல தண்ணி விடுறதை வச்சுத்தான் ஆத்து மட்டம் ஏறி இறங்கும், அங்க பழகப் போறவங்க உள்ளூர் வழிகாட்டி இல்லாம இறங்காதீங்க.

விழுந்து ஓட்டத்துல போனா, எழும்பி நிக்கப் பாக்காதீங்க. கால் கல்லிடுக்குல மாட்டினா தண்ணி முதுகுல அடிச்சு மூஞ்சியை உள்ள அமுக்கிரும், இடுப்பு மட்டம் தண்ணியே போதும். மல்லாக்கப் படுத்து, காலைக் கீழ்ப் பக்கமா நீட்டி, பாதம் தண்ணிக்கு மேல தெரியுற மாதிரி மிதந்து ஓரத்துக்கு வாங்க. ஒரே ஒரு இடத்துல இது மாறும்: குறுக்கால மரம் விழுந்து கிடந்தா, தண்ணி கிளைக்குள்ள பூந்து போகும், நீங்க பூந்து போக முடியாது, அதனால குப்புறத் திரும்பி வேகமா நீந்திப் போயி மரத்து மேல ஏறணும். சவுக்கு மரமும் யூக்கலிப்டஸ் மரமும் கரையோரமா இருக்குற இடத்துல ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதுசா ஒண்ணு விழுந்திருக்கும்னே வச்சுக்குங்க.

மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தா அன்னைக்கு ஆறே வேணாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்பியூலன்சுக்கு 1990. ஆனா ஆத்துப் பள்ளத்துல பெரும்பாலும் சிக்னல் இருக்காது, அதனால எந்த இடத்துல ஏறினா சிக்னல் வரும்னு போறப்பவே பாத்து வைங்க, லயத்துல ஒருத்தர்கிட்டயாவது எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு சொல்லிட்டு இறங்குங்க.

அட்டையைப் பத்தி கேப்பீங்க. கடிக்கும், கொஞ்சம் ரத்தம் போகும், அவ்வளவுதான். எலிக்காய்ச்சல்தான் பாரதூரம். காலுல கையில வெட்டுக் காயத்தோட கலங்கின தண்ணியில நின்னுட்டு வந்து, ஒரு ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தா, பெனடோல் போட்டுட்டுப் படுக்காம ஆஸ்பத்திரிக்குப் போயி "ஆத்துல இறங்கினேன்"னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொல்லாட்டி டொக்டருக்கு எப்படித் தெரியும்.

மீனைப் பிடிச்சா

கையை நனைச்சிட்டுத்தான் தொடணும், காஞ்ச கை பட்டா மேல இருக்குற வழுவழுப்பு போயி புண்ணு வரும். ஃபோட்டோனா மூச்சைப் பிடிச்சுக்குங்க, உங்களுக்கு மூச்சு முட்டுறப்ப அதுக்கும் முட்டும். திரும்ப விடுறப்ப ஓட்டத்துக்கு எதிரா தலையை வச்சுப் பிடிச்சு, அதுவா உதறிட்டுப் போற வரைக்கும் பொறுங்க. ஒரு சின்ன தெர்மாமீட்டர் வச்சுக்குங்க, வறட்சி நாள்ல தண்ணி 20 பாகைக்கிட்ட வந்தா அன்னைக்குத் தூண்டிலை மடக்குங்க, அந்தச் சூட்டுல பிடிச்சு விட்ட மீன் உங்க கண்ணுக்கு நீந்திப் போற மாதிரி இருக்கும், பிறகு கீழ போயி செத்துரும்.

சரளைக்கல்லு மேல ஒரு பாய் அளவுக்குத் துப்புரவா, வெளிறித் தெரியுற இடத்தைக் கண்டா, அது பொட்டை மீன் வாலால குழி பறிச்சு முட்டை போட்ட இடம். அதுல மிதிக்கக் கூடாது, கயாக்கயும் இழுக்கக் கூடாது, சுத்திப் போங்க.

கடைசியா வேன்ல ஏறுறப்ப ஒண்ணு. ஈர சாமானை அப்படியே கட்டிக்கிட்டு அடுத்த ஆத்துக்குப் போகாம, ஒரு தடவை கழுவிக் காய வச்சிட்டுப் போங்க, ஒரு ஆத்து நோயை இன்னொரு ஆத்துக்குத் தூக்கிட்டுப் போற வேலை நமக்கு வேணாம். காய வைக்க வெயில் இல்லாட்டி எங்க ஊருல தேத்தண்ணிக் கடை அடுப்புக்குப் பின்னால ஒரு கயிறு கட்டியிருக்கு, என் வேடரும் அந்தப் பொடியனோட ஸ்ப்ரே ஸ்கர்ட்டும் (கயாக்குக்குள்ள தண்ணி போகாம இடுப்புல கட்டுறது) அதுலதான் ஒண்ணா தொங்கும், கடைக்கார அக்கா மட்டும் மீன் நாத்தம்னு ரெண்டு பேரையும் சேத்துத் திட்டும்.